கழற்றிப் போட்ட சாமான்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் ஒருநாள் விடியற்காலை என் கார் நின்றுவிட்டது. டிசம்பர் மாதம். மூடுபனியில் முன்னால் பத்தடி தெரியவில்லை. பெற்றோல் இருக்கிறது, பிளக்கில் நெருப்பும் வருகிறது, ஆனாலும் என்ஜின் இருமி இருமி அடங்கிவிட்டது. என்ஜின் பின்னால் இருக்கும் கார் அது. பின்மூடியைத் திறந்து டோர்ச் அடித்தேன். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குக் கீழே இறங்கும் குழாயின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது. ஐஸ்! ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் மேல் ஐஸ் கட்டியிருந்தது.

பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது. ஐஸ் உருகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது ஏன் கட்டியது என்று எனக்கு விளங்க இரண்டு மாதம் ஆனது.

நான் மெக்கானிக் அல்ல. தலவாக்கலைப் பக்கம் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு வொக்ஸ்வேகன் பீட்டில், 1300. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைகள் நாங்கள் அதை 'ஆமைக் கார்' என்போம். எங்கள் தோட்டத்தில் துணை மேலாளரான சின்னத்தொரையிடம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அது மண் ரோட்டில் சிக்கிக்கொண்டால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார்கள். என் அப்பா அந்தக் காரைப் பலமுறை தள்ளியிருக்கிறார். ஒருமுறையும் ஏறியதில்லை.

தோட்டங்களில் அந்தக் காரை விரும்பியதற்குக் காரணம் உண்டு. என்ஜின் பின்னால், ஓட்டும் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் சேற்றிலும் ஏற்றத்திலும் பிடி கிடைக்கும். காற்றால் குளிர்வது, ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. ஏற்றத்தில் மற்றக் கார்கள் ஆவி கக்கிக்கொண்டு ஓரங்கட்ட, இது பாட்டுக்கு ஏறிப் போகும். இறக்கம் வேறு கதை. றம்பொடை வளைவுகளில், அதுவும் ஈர ரோட்டில், வளைவின் நடுவில் திடீரென்று அக்சலரேட்டரை விட்டீர்களானால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

என் காரை ஒரு பழைய தோட்டக் கிளாக்கரின் குடும்பத்திடம் வாங்கினேன். ஷெட்டில் பல வருஷம் கிடந்தது. சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட அதே இலக்கத்தகடு. அதை எதிர்த்து அந்த எழுத்துக்குத் தார் பூசிய காலமும் அதனால் இரத்தம் சிந்திய காலமும் இந்த நாட்டில் இருந்தன. இன்றைக்குப் பழைய கார் பிரியர்கள் அந்தத் தகட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறோம். நானும் துடைக்கிறேன். துடைக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று உறுத்தத்தான் செய்கிறது.

பின்சீட்டைத் தூக்கினால் பற்றரி. அதன் கீழே தரைத்தகடே இல்லை, ரோடு தெரிந்தது. கொழும்புக் காரைக் கடல் உப்பு தின்னும். நம் காரை ஈரம் தின்னும். இரண்டு பக்கப் படிக்கும் உள்ளே சூட்டுக்காற்று போகும் பெட்டிக்குழாய் ஒன்று ஓடுகிறது. அதுவும் இற்றுப்போயிருந்தது. வெல்டிங்கைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காசும் பொறுமையும் இருந்தால் நடக்கிற வேலை அது.

நான் சொல்ல வந்தது இற்றுப்போன சாமான்களை அல்ல, கழற்றிப் போட்ட சாமான்களை.

ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்கிறதல்லவா? பெற்றோல் காற்றோடு கலந்து ஆவியாகும்போது அதேபோல் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். வெளியே பனி, காற்று முழுக்க ஈரம். அந்த ஈரம் குழாயில் உறைந்துவிடுகிறது. ஜெர்மன்காரனுக்கு இது தெரியாதா? அவன் ஊரிலும் குளிர்தானே! அதற்காகவே அந்தக் குழாயோடு இன்னொரு மெல்லிய குழாயை ஒட்டவைத்து, எரிந்த புகையின் சூட்டை அதற்குள் ஓடவிட்டிருக்கிறான். ஏர் கிளீனருக்கும் சூடான காற்றைக் கொண்டுவர ஒரு ஹோஸ் உண்டு. என் காரில் அந்த ஹோஸையே காணோம். புகை ஓடும் குழாயில் கரி கல்லாக அடைத்திருந்தது. ஒரு பழைய கிளச் கேபிள் துண்டின் நுனியைப் பிரித்து, டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, குழாயை வெளியிலிருந்து சூடாக்கிச் சூடாக்கிக் கரியை எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தபோது என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைப் பார்க்கவா சோற்றை அடுப்பில் விட்டுட்டு வரச் சொன்னீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கார் நின்றதில்லை.

அடுத்தது எண்ணெய். ஒரு தடவை எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் மாதிரி வெள்ளையாகக் கோழை. கராஜில் ஒரு மெக்கானிக் பாஸிடம் காட்டினேன். பார்த்த உடனே, "ரேடியேட்டர் தண்ணி எண்ணெய்க்குள்ள எறங்குது, கெஸ்கெட் மாத்தணும்" என்றார். "பாஸ், இந்தக் காரில் ரேடியேட்டர் எங்க இருக்கு?" என்று கேட்டேன். முன்னால் போய்த் திறந்து பார்த்தார். பெற்றோல் டேங்கும் ஸ்பெயார் வீலும் இருந்தன. அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் பேசவில்லை.

தண்ணீர் வந்தது காற்றிலிருந்துதான். குளிர்விக்கும் விசிறிக் கூட்டுக்குள் இரண்டு மடல்கள் இருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அவை மூடியிருக்கும், சூடேறினால் திறக்கும். திறந்து மூடுவது ஒரு பித்தளைத் துருத்தி. ஆர்மோனியத் துருத்தியைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினால் எப்படியோ, அப்படி. அறுபத்தைந்து, எழுபது பாகை சூட்டில் அது விரிந்து மடல்களைத் திறக்கும். அதுதான் தெர்மோஸ்டாட். "நம்ம நாடு சூடு, இதெல்லாம் என்னத்துக்கு" என்று யாரோ மடல்களையும் துருத்தியையும் கழற்றி எறிந்திருக்கிறார்கள். கொழும்பிலாவது அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் என்ன நியாயம்? சந்தைக்குப் போய் வரும் குறுகிய ஓட்டத்தில் என்ஜின் சூடேறுவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போக வழியில்லாமல் எண்ணெயில் கலந்து மோராகிறது.

அந்த உயரத்தில் இன்னொன்றும் நடக்கும். காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைய, கொழும்புக்கு அளந்து வைத்த பெற்றோல் இங்கே அதிகமாகிவிடுகிறது. பிளக் கரியாகக் கறுக்கும், ஏற்றத்தில் இழுவை இருக்காது. கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளைச் சாமானை, பிரதான ஜெட்டை, ஒரு அளவு சிறிதாக்கினேன், சரியானது. சமவெளிக்கு இறங்கி நீண்ட ஓட்டம் போவதென்றால் பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டுவிடுவேன். தீக்குச்சிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று.

என் காரில் இன்னும் ஆறு வோல்ட் மின்சாரம். பனியில் விளக்கு எலுமிச்சை நிறத்தில் அழும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லிச் சொல்லாத ஆள் இல்லை. நான் பற்றரியின் எர்த் வயரைப் புதிதாகப் போட்டு, முனைகளையெல்லாம் சுரண்டி, பற்றரியிலிருந்து விளக்குகளுக்கு நேராக மின்சாரம் விடும் ரிலே வைத்தேன். பழைய சுவிட்ச் தின்றுகொண்டிருந்த மின்சாரம் விளக்குக்கு வந்து சேர்ந்தது.

நண்பர் ஒருவரிடம் பென்ஸ் 240டி இருக்கிறது. ஒருநாள் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் டீசல் என்ஜின் நிற்கவில்லை. அந்தக் காரில் என்ஜினை நிறுத்துவதும் கதவுகளைப் பூட்டுவதும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடக் குழாய்களால். பின்கதவுக்குள் ஒரு சின்ன ரப்பர் கிழிந்திருந்தது. அதனால் முன்னால் என்ஜின் நிற்கமாட்டேன் என்கிறது! அவர் கதவுப் பூட்டே வேண்டாம் என்று குழாயை அடைக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாமான் கிடைக்குமா என்று கேட்பீர்கள். பீட்டிலுக்குக் கிடைக்கும். மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 ஜூலை 30இல்தான் கடைசிக் கார் வெளிவந்தது. மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். பழைய வாகனச் சாமான் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் காலையில் இறங்கி மாலைவரை நடந்தால் ஏதாவது அகப்படும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு அங்கேயும் விலை ஏறிவிட்டது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் வாரத்துக்கு இருபது லீற்றர் பெற்றோல் தந்தார்களே, அந்த நாட்களில் நான் காரை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். அப்போதுதான் மடல்கள் இரண்டையும் ஒரு உடைந்த விசிறிக் கூட்டிலிருந்து எடுத்துப் பொருத்தினேன்.

துருத்தி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போதைக்கு மடல்களைக் கம்பியால் பாதி திறந்தபடி கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்துப் பெக்டரி ஸ்டோரிலோ பழைய பங்களா ஷெட்டிலோ, பித்தளையில் செய்த, முட்டி உயரம்கூட வேண்டாம், முட்டை உயரத்தில் ஒரு துருத்தி கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். வானொலி நிலைய முகவரிக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வணக்கம்.