ஒரு பிரதி, பல செவிகள்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை ஆயிரம் பேர் இணையத்தில் நேரலையாகப் பார்க்கிறார்கள் என்றால், பெரும்பாலும் ஆயிரம் தனித்தனிப் பிரதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது நான் பேசுவதையோ ஒலிபரப்புக் கோபுரம் ஒரே ஒரு முறைதான் அனுப்புகிறது. இந்தச் சிக்கனத்தைக் கணினி வலையமைப்புக்குள் கொண்டுவர, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் உருவாக்கி, 1989இல் இணையத் தரநிலையாக எழுதிய முறையே மல்டிகாஸ்ட்.

இதில் 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் ஐ.பி. முகவரிகள் (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்கள்), ஒரே தரவைப் பெற விரும்பும் கணினிகளின் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அனுப்புகிற கணினி குழு முகவரிக்கு ஒரே பிரதியை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெறுவோர் யார், எத்தனை பேர் என்பது அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. பெற விரும்பும் கணினிதான், ஐ.ஜி.எம்.பி. என்னும் நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) வழியாக, தரவை வழிகாட்டி அனுப்பும் கருவியான தன் பக்கத்து ரவுட்டரிடம் தன்னைக் குழுவில் சேர்க்கச் சொல்கிறது; அந்த ரவுட்டர், தரவை அனுப்பும் மூலக் கணினி இருக்கும் திசையிலுள்ள அடுத்த ரவுட்டரிடம் அதையே கேட்க, இப்படிக் கைமாறிச் செல்லும் கோரிக்கை, அந்தக் குழுவின் தரவு ஓட்டம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ரவுட்டரை எட்டியதும் நின்றுவிடுகிறது. பின்னர் தரவு அதே வழியில் எதிர்த்திசையாக இறங்கி வருகிறது. வழி பிரியும் இடத்தில் மட்டுமே புதுப் பிரதி எடுக்கப்படுகிறது.

ஒவ்வொரு ரவுட்டரும், பொதி எனப்படும் தரவுத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதையும் சோதிக்கிறது. மூலத்தை நோக்கித் தான் எந்த இணைப்பில் பொதி அனுப்புமோ, அதே இணைப்பில் வந்த பொதியை மட்டுமே ஏற்று, மற்றவற்றைக் கைவிடுகிறது. சாதாரணப் பொதி வழிதவறினால் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மல்டிகாஸ்ட் பொதியோ ஒவ்வொரு சுற்றிலும் பெருகி வலையமைப்பையே அடைத்துவிடும் என்பதால், இந்தச் சோதனைதான் முறையின் உயிர்நாடி என்பேன்.

மூலக் கணினி எதுவென்றே தெரியாதபோது, ரவுட்டர்கள் இக்கோரிக்கைகளைத் தமக்குள் பரிமாறப் பயன்படுத்தும் பிம் நெறிமுறையின் ஒரு வகை, அனுப்புவோரும் பெறுவோரும் சந்திக்க ஒரு பொது ரவுட்டரை முன்கூட்டியே குறித்துவைக்கிறது.

1992 மார்ச்சில், சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியியல் கூட்டத்தின் ஒலி, மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு இம்முறையில் நேரடியாகச் சென்றது. ஆயினும் இது பொது இணையத்தில் பரவவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் வழியிலுள்ள ரவுட்டர்கள் தனிக் குறிப்பு வைத்திருக்க வேண்டும். எவரும் எக்குழுவுக்கும் அனுப்பலாம் என்பதால் பாதுகாப்பும் சிக்கலாகிறது. பிரதிகள் அடுத்த நிறுவனத்தின் வலையமைப்பில் பெருகும்போது யாரிடம் கட்டணம் வாங்குவது என்பதற்கும் எளிய விடை இல்லை. எனவே மூலத்தையும் சேர்த்துக் குறிப்பிட்டுக் கேட்கும் வகையையே வலையமைப்புகளுக்கிடையே பயன்படுத்துமாறு 2020இல் பரிந்துரை வந்தது.

ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்பிலோ இது செழிப்பாக இயங்குகிறது: கேபிள் வழி ஐ.பி. தொலைக்காட்சி ஓர் எடுத்துக்காட்டு. பங்குச் சந்தைகளும் விலைகளை இவ்வாறு பரப்புகின்றன. தரகர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்பினால், வரிசையில் முன்னால் இருப்பவருக்கு விலை சற்று முன்னதாகவே தெரிந்துவிடும் அல்லவா?