தேயிலை நொதியத்தை அளக்கும்போது போத்தலையும் சோதியுங்கள்

[காட்சி: தேயிலைத் தொழிற்சாலை. அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுகிறது.]

அரைத்துப் பரப்பிய கொழுந்து இப்படிச் சிவந்து வருவதை மலையகத்தில் பார்க்காதவர்கள் குறைவு. இதைச் செய்வது இலைக்குள் இருக்கும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியம். இலை நசுங்கியதும் அது இலையிலுள்ள கட்டெச்சின் என்ற சேர்மங்களோடு சேர்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு அவற்றை ஒட்சியேற்றுகிறது. தேநீரின் நிறமும் துவர்ப்பும் பெருமளவு இங்கிருந்துதான் வருகின்றன.

1925 இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்று தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்குகிறது. டி.ஆர்.ஐ. 2025 போன்ற தேயிலை வகைகள் அங்கிருந்து வந்தவை. ஒரு வகையை இன்னொன்றோடு ஒப்பிட நொதிய அளவீடும் உதவும். அந்த எண் பிழையாக இருந்து, அதை நம்பி ஒரு மலையில் கன்று நட்டால், அந்தச் செடிகள் பல பத்தாண்டுகள் அங்கேயே நிற்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

[காட்சி: ஆய்வுகூட மேசை. குளிர்ந்த உரலில் கொழுந்து, பக்கத்தில் நிறமானி.]

அளக்கும் முறை எளிது. கொழுந்தைக் குளிரில் அரைத்து, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கற் கரைசலில் சாறெடுக்கிறோம். நொதியம் ஒட்சியேற்றிப் பழுப்பாக்கும் கட்டெகோல் என்ற சேர்மத்தை அதில் சேர்த்து, பழுப்பு நிறம் ஏறும் வேகத்தை 420 நானோமீற்றரில் பார்க்கிறோம். ஆனால் கருவிக்குத் தெரிவது நிறம் மட்டும். அந்த நிறத்தை யார் உண்டாக்கினார்கள் என்று அதற்குத் தெரியாது.

முதலில் செப்பை எடுத்துக்கொள்வோம். செப்பு அயன்கள் நொதியம் இல்லாமலே கட்டெகோலின் ஒட்சியேற்றத்தை வேகப்படுத்தும். செப்புப் பாகங்கள் உள்ள பழைய வடிகலனில் எடுத்த தண்ணீரில் அது இருக்கலாம். இதைப் பிடிப்பது சுலபம்: சாறு சேர்க்காத குழாயிலும் நிறம் ஏறும்.

நம்ம ஊரில் செப்புக்கு இன்னொரு வழியும் உண்டு. 1946 இல் கொப்புள நோய் என்ற இலைப் பூஞ்சை நோய் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்ததிலிருந்து செப்பு மருந்து அடிப்பது வழக்கமாகிவிட்டது. கழுவாத கொழுந்தை அரைத்தால் அந்த மருந்தும் சாற்றோடு வரும். சாற்றைக் கொதிக்கவைத்து அளந்து பாருங்கள். கொதியில் நொதியம் செத்துவிடும், செப்பு சாகாது. அப்போதும் நிறம் ஏறினால் அது நொதியத்தின் வேலை இல்லை.

சரி, கொதித்த சாற்றில் நிறம் ஏறவில்லை. அளவீடு சுத்தம் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

[காட்சி: பாதி காலியான ட்ரைட்டன் எக்ஸ்-100 போத்தல். மூடியைச் சுற்றி ஒட்டிய பிசுக்கு.]

பொலிபீனோல் ஒட்சிடேஸின் ஒரு பகுதி மென்சவ்வுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுக்க ட்ரைட்டன் எக்ஸ்-100 போன்ற சவர்க்காரத் திரவத்தைச் சேர்ப்பது உண்டு. திறந்த போத்தல் காற்றும் வெளிச்சமும் பட்டு மாதக்கணக்கில் தட்டில் இருந்தால், அதற்குள் பேரொட்சைட்டுகள் என்ற, மற்றவற்றை ஒட்சியேற்றக்கூடிய சேர்மங்கள் சேரும். பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது.

அதே தேயிலைச் சாற்றில் பெரொட்சிடேஸ் என்ற இன்னொரு நொதியமும் இருக்கிறது. பேரொட்சைட்டு கிடைத்தால் அதுவும் கட்டெகோலைப் பழுப்பாக்கும். ஆக, இரண்டு நொதியங்கள் சேர்ந்து உண்டாக்கிய நிறத்தை நாம் ஒன்றின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இப்போது சோதனைகளை மறுபடி பாருங்கள். சாறு இல்லாத குழாயில் பெரொட்சிடேஸ் இல்லை, அதனால் அங்கே நிறமும் பெரிதாக ஏறாது. கொதித்த சாற்றில் இரண்டு நொதியங்களும் செத்துவிட்டன, அங்கேயும் ஏறாது. இரண்டு சோதனையும் ‘பாஸ்’, எண் மட்டும் பிழை. பெரொட்சிடேஸ் கூடுதலாக உள்ள வகை, இல்லாத பெருமையைத் தட்டிக்கொண்டு போகும்.

மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தாலும் இது தீராது. கொழுந்து நிறுக்கும் தராசு எப்போதும் 2 கிலோ குறைத்துக் காட்டினால், பத்துத் தடவை நிறுத்தாலும் அந்த 2 கிலோ திரும்பி வராது. மூன்று எண்களும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும்போதுதான் நான் கூடுதலாகப் பயப்படுவேன்.

இதைப் பிடிக்க ஐதரசன் பேரொட்சைட்டை உடைக்கும் கற்றலேஸ் என்ற நொதியத்தை ஒரு குழாயில் சேருங்கள். பக்கத்துக் குழாயில் அதே அளவு கற்றலேஸைக் கொதிக்கவைத்துச் சேருங்கள், ஏனென்றால் கற்றலேஸும் ஒரு போத்தலிலிருந்துதான் வருகிறது. முதல் குழாயில் மட்டும் வேகம் குறைந்தால் பேரொட்சைட்டு இருந்திருக்கிறது. ஒட்சிசன் மின்வாய் கைவசம் இருந்தால், ஒட்சிசன் குறையும் வேகத்தையும் அளந்து நிறத்தோடு ஒப்பிடுங்கள்.

[காட்சி: இரண்டு வரைபுகள். ஒன்றின் சரிவு மற்றதைவிடக் குறைவு.]

அளவீட்டைக் கூட்டிக் காட்டும் மாசு பற்றிப் பேசினோம். குறைத்துக் காட்டும் மாசு, அதாவது நொதியத்தைத் தடுக்கும் பொருள், இதைவிட மோசம். சாறு சேர்க்காத வெற்றுச் சோதனையில் ஏற்கெனவே பூச்சியம்தான், தடுப்பான் அங்கே என்னத்தைக் காட்டும்? 1977 இல் லூயிஸ் கான்ட்லியும் கூட்டாளிகளும் கலங்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து தயாரித்தபோது, அதில் வனேடியச் சேர்மமான வனேடேற்று கலந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். விலங்குக் கலத்தின் சோடியம்-பொற்றாசியம் பம்பி என்ற நொதியத்தை அது மிகச் சிறிய செறிவிலேயே தடுத்தது. தாவரக் கலமென்சவ்விலுள்ள புரோத்தன் பம்பியையும் வனேடேற்று தடுக்கும். தாவர நொதியம் அளக்கிறவர்களுக்கும் அது பாடம்தான்.

இந்த வகை மாசைப் பிடிக்க ஒப்பீடு வேண்டும். ஒரே சாற்றை, ஒரே நாளில், இரண்டு வேறு தொகுதி இரசாயனத்தோடு அளக்க வேண்டும். எண்கள் வேறுபட்டால் ஏதோ ஒரு போத்தலில் பிரச்சினை.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டாவது போத்தல் கிடைக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பேனை இருக்கும். போத்தல் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதுங்கள். தொகுதி இலக்கத்தை ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு வகைத் தேயிலையையும் ஒரே போத்தலில், ஒரே நாளில் அளங்கள். இன்று ஒரு வகையும், அடுத்த மாதம் புதுப் போத்தலில் மற்ற வகையும் அளந்தால், வித்தியாசம் இலையுடையதா போத்தலுடையதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.