கெர்லோக்: பத்துப் பேர் ஓட்டிய கப்பலில் 168 பேர்

அவையோருக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. அதன் வணிகக் கப்பல்கள் பக்கவாட்டில் ‘எய்ரே’ (ஐரிஷ் மொழியில் அயர்லாந்தின் பெயர்) என்று பெரிதாக எழுதி, மூவண்ணக் கொடி தீட்டி, இரவில் விளக்கை அணைக்காமல் ஓடின. யாருடையது என்று தெரிந்தால் சுடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பலமுறை பொய்த்தது.

அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த கெர்லோக் 142 அடி நீளமே உள்ள கரையோரச் சரக்குக் கப்பல். 1941 ஏப்ரலில் குண்டுவீச்சில் சிதைந்த லிவர்பூல் நிலக்கரிக் கப்பலொன்றை இழுத்துவந்து ரோஸ்லேர் கரையில் ஏற்றியது. 1943 அக்டோபர் 23 அன்று பிரிட்டனின் விமானப்படையே அதைச் சுட்டது. கேப்டன் ஃபார்ச்சூனின் கால்கள் முறிந்தன. சரக்கறையில் இருந்த நிலக்கரி குண்டுகளைத் தாங்கியதால்தான் கப்பல் மிஞ்சியது.

பழுது பார்த்த பின், டிசம்பர் 29 அன்று, லிஸ்பனிலிருந்து ஆரஞ்சுப் பழங்களோடு கேப்டன் டோனஹூ வந்துகொண்டிருந்தார். ஜெர்மன் விமானம் ஒன்று சைகை காட்டித் திசை திருப்பியது. முந்தின நாள் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கிய மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்களின் ஆட்கள் அங்கே தெப்பங்களிலும் மரத்துண்டுகளிலும் கிடந்தார்கள்.

இந்த வேலையின் கடினத்தைச் சொல்ல வேண்டும். பேரலையில் தெப்பம் ஒரு கணம் தெரியும், மறுகணம் பள்ளத்தில் மறையும். குளிரில் விறைத்த கை கயிற்றைப் பற்றாது. ஒவ்வொருவரையும் மேலிருப்பவரே தூக்க வேண்டும். பத்து மணி நேரம் தூக்கினார்கள். ஆளுக்கு 70 கிலோ என்றாலும் 168 பேர் ஏறத்தாழ 12 டன். அந்தப் பாரம் மேல்தளத்தில் நின்றால் ஒருமுறை சாய்ந்த சிறு கப்பல் நிமிரத் திணறும். ஆகவே அறைகள், நடைவழிகள், இயந்திர அறை என்று கீழே அடைத்தார்கள். இயந்திர அறையில் பொறியாளருக்கு நகரவும் இடமில்லை. மீட்கப்பட்டவர்களுக்கே சைகை காட்டி நெம்புகோல்களை இயக்கச் சொன்னார்.

பிரான்சில் இறக்கும்படி ஜெர்மானியர் கேட்டனர், டோனஹூ மறுத்தார். வேல்ஸின் ஃபிஷ்கார்டுக்கு வரும்படி பிரிட்டிஷ் வானொலி ஆணையிட்டது, அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டையும் தட்டிக்கழிக்கத் தனித் துணிவு வேண்டும். 1944 ஜனவரி 1 அன்று கெர்லோக் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தை அடைந்தது. நான்கு பேர் இறந்துவிட்டார்கள். மற்ற 164 பேரும் போர் முடியும்வரை அயர்லாந்தின் கர்ரா தடுப்பு முகாமில் இருந்தார்கள்.