நெத்தியில காட்டுற தெர்மாமீட்டரை நம்பாதீங்க மக்களே

வணக்கம் மக்களே! எப்பவும் போல போனை அரிசி டின்னு மேல சாத்தி வெச்சிருக்கேன், லேசா ஆடும், பொறுத்துக்கோங்க. பதினோரு நாளா வீடியோ வரல. அம்மாவுக்கு என்னாச்சுன்னு அவ்வளவு பேர் கேட்டிருந்தீங்க. அம்மா நல்லா இருக்காங்க. உள்ள கட்டில்ல உக்காந்து ரேடியோ கேட்டுட்டு இருக்காங்க. நடுவுல அஞ்சு நாள் ஆஸ்பத்திரில இருந்தோம். அதைச் சொல்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

துப்பாக்கி மாதிரி இருக்குல்ல, நெத்திக்கு நேரா காட்டுற தெர்மாமீட்டர். 1,350 ரூபா. அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு மொத கீமோ மருந்து ஏத்தி முடிஞ்ச வாரம் வாங்கினது. "தூக்கத்துல எழுப்பாமலே ஜுரம் பாத்துடலாம்"னு உங்ககிட்ட அவ்வளவு பெருமையா காட்டினேன். என் பேச்சைக் கேட்டு யாராவது வாங்கியிருந்தா, இந்த வீடியோவை முழுசா பாருங்க. இந்தக் கையில இருக்கறது சாதா டிஜிட்டல் தெர்மாமீட்டர். நம்ம தெரு மெடிக்கல்ல 160 ரூபா. அம்மாவைக் காப்பாத்தினது இதுதான்.

மூணாவது கீமோ போட்டு பத்தாவது நாள். ராத்திரி பதினொன்னரை இருக்கும். "குளுருதுடி பாப்பா"ன்னாங்க. இந்த வெக்கையில குளுருதாம்! ரெண்டு போர்வை போத்திவிட்டு இந்தத் துப்பாக்கியை எடுத்து நெத்தியில காட்டினேன். 98.2. இன்னொரு தடவை பாத்தேன், 98.4. மூணாவது தடவையும் 98.2. "ஜுரம் இல்லம்மா, படுங்க"ன்னு சொல்லிட்டு நானும் படுத்துட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சு கட்டில் ஆடுற சத்தம். அம்மாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது, பல்லு தந்தியடிக்குது. நெத்தியைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. கழுத்துக்குப் பின்னாடி கையை வெச்சா கொதிக்குது! அப்பதான் அலமாரியில கிடந்த இந்த 160 ரூபா சாமானைத் தேடி எடுத்து நாக்குக்கு அடியில வெச்சேன். 101.2.

டாக்டர்கிட்ட அப்புறமா கேட்டேன். நடுக்கம் வர்ற நேரத்துல தோல்ல ரத்த ஓட்டம் சுருங்கிடுமாம். உள்ள காய்ஞ்சுட்டே இருக்கும், வெளிய நெத்தி குளுந்து கிடக்கும். வேர்வை இருந்தாலும் ஃபேன் காத்து அடிச்சாலும் கூட இந்த மாதிரி மிஷின் கம்மியா காட்டலாமாம். நம்ம வீட்ல ஃபேன் எந்நேரமும் அஞ்சுல ஓடுறது உங்களுக்கே தெரியும்.

ஒரு ஜுரத்துக்கு ஏன் இவ்வளவு பதட்டம்னு புதுசா வந்தவங்க நினைக்கலாம். அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். இப்ப ஓடுறது அந்த செவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின். கூடவே சைக்ளோபாஸ்ஃபமைடு. 21 நாளுக்கு ஒரு தடவை. வேகமா பெருகுற செல்லை எல்லாம் அந்த மருந்து அடிக்கும். புற்றுநோய் செல் வேகமா பெருகுது, சரி. முடியோட வேரும் அப்படித்தான், வாய்க்குள்ள இருக்கற தோலும் அப்படித்தான். அதான் முடி கொட்டுது, வாய்ப்புண் வருது. எலும்பு மஜ்ஜையில ரத்த அணு உண்டாகுறதும் அதே வேகம்தான். அதனால கீமோ போட்டு ஏழாவது நாள்ல இருந்து பதினாலாவது நாள் வரைக்கும் வெள்ளை அணு ரொம்ப இறங்கிடும். கிருமி வந்தா எதுத்து நிக்க உடம்புல ஆளே இருக்காது. சளியோ சீழோ எதுவும் பெரும்பாலும் வெளிய தெரியாது. பல நேரம் ஜுரம் மட்டும்தான் தெரியும். 100.4 காட்டிடுச்சுன்னா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, அப்பவே கிளம்பணும்.

டோலோ குடுத்துட்டுப் பாப்போம்னு நினைக்கவே நினைக்காதீங்க! கை தானா டப்பாவுக்குத்தான் போகும், எனக்கும் போச்சு. ஆனா மொத நாளே சிஸ்டர் என்னை உக்கார வெச்சு சொன்னாங்க: "டாக்டரைக் கேக்காம பாராசிட்டமால் குடுக்காதம்மா, ஜுரம் இறங்கின மாதிரி தெரியும், உள்ள கிருமி வேலை பாத்துட்டே இருக்கும்." அந்த சிஸ்டருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் பத்தாது.

பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பினோம். "சாவியை எடுத்துட்டு வரேன்மா, நீ அம்மாவை ரெடி பண்ணு"ன்னு லுங்கியோடயே வந்துட்டார். திருமங்கலத்துல இருந்து மதுரை, ராத்திரி ரோடு காலி.

கேஷுவாலிட்டில கூட்டம். நான் உள்ள நுழைஞ்சதும் மொத வாக்கியமே, "கீமோ போட்டு பத்தாவது நாள், ஜுரம் 101"னேன். வெறும் ஜுரம்னு சொல்லியிருந்தா வரிசையில உக்கார வெச்சிருப்பாங்க. கீமோங்கற வார்த்தையைக் கேட்டதும் உடனே கட்டில் குடுத்தாங்க. என்ன கிருமின்னு பாக்கற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்தாங்க, ரத்த அணு எத்தனைன்னு சொல்ற கவுண்ட் ரிசல்ட்டுக்குக் கூட காத்திருக்காம நரம்புல ஆன்டிபயாடிக் ஏத்திட்டாங்க. வந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறிடணுமாம். அப்புறம் ரிசல்ட் வந்துச்சு. சாதாரணமா 4,000க்கு மேல இருக்க வேண்டிய வெள்ளை அணு 900. அதுல கிருமியோட மொதல்ல மோதுற நியூட்ரோஃபில்ங்கற வகை 300தான். 500க்குக் கீழ போனாலே ஆபத்து.

ஆங், ஒன்னு விட்டுட்டேன். பச்சை ஃபைல்! அதோட மொத பக்கத்துல என்ன மருந்து, எந்தத் தேதி, எத்தனாவது கீமோ, எங்க புற்றுநோய் டாக்டர் நம்பர்னு ஒரு தாள் ஒட்டி வெச்சிருந்தேன்ல, ரெண்டு மாசம் முன்னாடி வீடியோல காட்டினேனே. டியூட்டி டாக்டர் அதைப் பாத்துட்டு வேற ஒரு கேள்வி கேக்கல. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இன்னொன்னும் இருக்கு. நாக்குக்கு அடியில வெச்சுப் பாக்கறதுன்னா, சுடுதண்ணியோ காப்பியோ குடிச்சிருந்தா கால் மணி நேரம் விட்டுட்டுப் பாருங்க. இல்லன்னா கூடக் காட்டும்.

அஞ்சு நாள்ல கவுண்ட் ஏறிடுச்சு. அடுத்த கீமோவுக்கு மறுநாளே கவுண்ட் ஊசி போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மஜ்ஜையை வேலை வாங்குற ஊசி, அதனால இடுப்பெலும்பு வலிக்கலாமாம். அம்மா தயாரா இருக்காங்க.

கவுண்ட் ஏத்துறதுக்கு யாரும் இனிமே மாதுளம்பழம் தூக்கிட்டு வராதீங்க. அன்புலதான் கொண்டு வர்றீங்க, தெரியுது. வீட்ல பன்னெண்டு பழம் கிடக்கு. பழம் நல்லதுதான், கழுவி உரிச்சு சாப்பிட்டா தப்பில்ல. ஆனா வெள்ளை அணுவை அது ஏத்தாது. பப்பாளி இலைச் சாறு கேக்கவே வேணாம், அதை இந்த வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்.

ஆஸ்பத்திரில பாக்க வந்த ஒரு சொந்தக்காரங்க அம்மா குடிச்ச டம்ளரைத் தனியா எடுத்து வெச்சாங்க. நான் பாத்தேன். அம்மாவும் பாத்தாங்க. அந்த முகத்தை என்னால மறக்க முடியல. இது ஒட்டுற நோய் இல்ல! புற்றுநோய் டாக்டர் சாந்தா அம்மா 1955ல சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல வேலைக்குச் சேந்தாங்க. 2021ல, 93 வயசுல காலமாகுற வரைக்கும் அந்த வளாகத்துலயே நோயாளிங்களோட இருந்தாங்க. உங்களுக்கு ஒரு டம்ளரைத் தொடப் பயமா?

அன்னைக்கு ராத்திரி அம்மா என்கிட்ட கேட்டாங்க, "நான் என்னடி தப்பா சாப்பிட்டேன், எனக்கு ஏன் வந்துச்சு?" கமென்ட்லயும் இதையே கேக்கறீங்க. பிளாஸ்டிக் டப்பாவா, மைக்ரோவேவான்னு. மார்புப் புற்றுநோய்ல பரம்பரையா வர்றது நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து. வயசு, ஹார்மோன், உடம்பு எடை இதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஆனா நிறைய பேருக்கு இதனாலதான்னு ஒன்னைக் காட்டவே முடியாது. 58 வயசு வரைக்கும் எங்களுக்கு ஆக்கிப் போட்டவங்க அவங்க. தயவுசெஞ்சு அவங்களைக் குத்தவாளி ஆக்காதீங்க.

இந்தத் துப்பாக்கியை யாருக்கும் குடுக்கப் போறதில்ல, வேற வீட்ல போய் 98.2 காட்டிடக் கூடாது. பேட்டரியைக் கழட்டிட்டேன்.

மணி ஆறாச்சு, ஜுரம் பாக்கற நேரம். வர்றேன் மக்களே. அம்மா, காப்பி குடிச்சு கால் மணி நேரம் ஆச்சா?