பெரிய ஆலையா, சிறிய நிறுவனமா? ஒரு மாணவியின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். நிபோங் தெபாலில் இறுதியாண்டு மின்னணுப் பொறியியல் படிக்கும் ஒரு தங்கை, சென்ற உரையைக் கேட்டுவிட்டு இப்படி எழுதியிருக்கிறார்: “உற்பத்தி பெருகப் பெருக ஒரு பொருளுக்கு ஆகும் செலவு குறையும் என்று சொன்னீர்கள். அப்படியானால் பொறியாளர்களின் தேவையும் குறைந்துகொண்டே போக வேண்டும்தானே, ஐயா? நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய சிப் ஆலையில் சேர்வதா, இருபது பேர் மட்டும் உள்ள சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்வதா?” இரண்டாவது கேள்வி எனக்கு அடிக்கடி வருவதுதான். முதல் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால், மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

நான் எங்கே தொடங்குவேன் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்: முதல் சிப்பும் இரண்டாவது சிப்பும். ஒரு சிப்பை வடிவமைப்பதற்கும், அந்த வடிவத்தை வேஃபரில், அதாவது சிப்புகள் உருவாகும் சிலிக்கன் வட்டத்தில், பதிக்க வேண்டிய தகடுகளைச் செய்வதற்கும் ஆகும் செலவு முழுவதும் முதல் சிப்பின் தலையில் விழுகிறது. இரண்டாவது சிப்புக்கு மூலப்பொருளும் இயந்திர நேரமும் மட்டுமே செலவு. அவற்றைச் செய்யும் நவீன ஆலை ஒன்றைக் கட்டுவதற்கே 10 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் ஆகிறது. இத்தனை பெரிய முதற்செலவை எத்தனை கோடிச் சிப்புகளின் மேல் பங்கிட முடிகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் யார் நிலைப்பார், யார் விலகுவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதை மறுபடியும் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1987-இல் மோரிஸ் சாங் தைவானில் டிஎஸ்எம்சியைத் தொடங்கியபோது, சொந்தமாகச் சிப் வடிவமைக்காமல் பிறருடைய வடிவமைப்புகளைத் தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டார். பலருடைய தேவையை ஓர் ஆலையில் சேர்த்தால், தனித்தனியாக எவருக்கும் கட்டுப்படியாகாத ஆலை கட்டுப்படியாகிவிடுகிறது. 1993-இல் தொடங்கிய சிப் வடிவமைப்பு நிறுவனமான என்விடியாவுக்குச் சொந்தமாக வேஃபர் ஆலை இருந்ததே இல்லை. சொந்த ஆலைகளில் பெருமை கொண்டிருந்த ஏஎம்டி என்ற சிப் நிறுவனமும் 2009-இல் அவற்றைப் பிரித்து விட்டுவிட்டது. அதாவது, ஓரிடத்தில் அளவு மிகப் பெரிதானதால்தான் இன்னோர் இடத்தில் இருபது பேர் கொண்ட நிறுவனம் உயிர்வாழ முடிகிறது. பெரியது சிறியதை விழுங்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதில்லை.

இப்போது தங்கையின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு சிப்புக்கு எத்தனை பொறியாளர் என்று வகுத்துப் பார்த்தால் எண்ணிக்கை குறைகிறது. அவர் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் ஒரு நிறுவனம் பொறியாளரை நியமிக்கும்போது அந்த வகுத்தலைப் பார்ப்பதில்லை. அவர் கண்டுபிடிக்கும் சிறிய மிச்சம் எத்தனை முறை பெருகும் என்றே பார்க்கிறது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையோரப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுச் சமையலில் உப்புப் பார்ப்பதற்கென்று தனியாக ஓர் ஆளை வைப்பதில்லை. ஆயிரம் பேருக்கு வேகும் அண்டாவின் பக்கத்தில் அதற்கென்றே ஒருவர் நிற்கிறார்.

சிப் சோதனைக் கூடத்திலும் இதே கதைதான். ஓர் இயந்திரக் கை வெற்றிட உறிஞ்சியால் தட்டிலிருந்து சிப்புகளை எடுத்துச் சாக்கெட்டில் அழுத்துகிறது. சோதனை இயந்திரம் மின்னழுத்தம், கசிவு, வேகம் என வரிசையாகச் சோதித்து, நல்லதையும் கெட்டதையும் வெவ்வேறு தட்டுகளில் பிரிக்கிறது. நாளொன்றுக்கு ஒரு மில்லியன் சிப்புகள், ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதிகமாகத் தோற்கும் சோதனையை வரிசையின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தோ, ஒருபோதும் தோற்காத சோதனையை நீக்கியோ ஒரு பொறியாளர் சிப்புக்குச் சராசரியாக ஒரு வினாடியைக் குறைத்தால், நாளுக்கு ஒரு மில்லியன் வினாடிகள், ஏறத்தாழ 278 மணி நேரம் மிச்சமாகும். இரவும் பகலும் ஓடும் பதினொன்றுக்கும் மேற்பட்ட இயந்திரங்களின் உழைப்பு அது. நாளுக்கு ஆயிரம் சிப் செய்யும் இடத்தில் அதே ஒரு வினாடியின் பெறுமதி பதினேழு நிமிடங்கள் கூட இல்லை; அதற்காக யாரும் ஒரு பட்டதாரிக்குச் சம்பளம் கொடுக்கமாட்டார்கள். திறமை ஒன்றுதான், அதைப் பெருக்கும் எண்தான் வேறு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மிச்சம் பெருகுவதுபோல் பிழையும் பெருகும் என்பதால், பெரிய ஆலையில் ஒரு திருகைக் கூட உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது. ஓர் ஆலையில் வெற்றி பெற்ற முறையை மற்ற ஆலைகளிலும் இம்மியும் பிசகாமல் நகலெடுக்க வேண்டும் என்பதை இன்டெல் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது. துடிப்புள்ள இளைஞர்களுக்கு இது மூச்சுமுட்டும். எனக்கு அவர்கள்மீது அனுதாபம் உண்டு, ஆலைமீதும் குறை சொல்வதற்கில்லை.

உண்மையில் தங்கை என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. “நிறுவனம் பெரியதா, சிறியதா?” என்பதை விட்டுவிட்டு, “நான் செய்யப்போகும் வேலை எந்த எண்ணிக்கையோடு சேர்ந்து வளர்கிறது?” என்று கேட்டிருக்கலாம். 1972-இல் இன்டெல் பினாங்கில் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கிய காலத்தில், பெண்கள் நுண்ணோக்கியில் குனிந்து முடியிழை போன்ற கம்பிகளைச் சிப்பில் கையால் இணைத்தார்கள். நம் குடும்பங்களில் அப்படிக் கண்ணைக் கொடுத்து உழைத்த அத்தை, பெரியம்மா ஒருவராவது இருப்பார். அவர்களுடைய வேலை சிப்புகளின் எண்ணிக்கையோடு வளர்ந்தது. அப்படி வளரும் வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது. 2014-இல் 19 பில்லியன் டாலருக்கு விலைபேசப்பட்ட வாட்ஸ்அப்பில் அப்போது 45 கோடிப் பயனர்களும் ஏறத்தாழ 55 ஊழியர்களும் இருந்தனர். பயனர் எண்ணிக்கையோடு வளராத வேலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. சோதனைப் பொறியாளரின் வேலை புதிய வடிவமைப்புகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது. ஒவ்வொரு புதிய சிப்புக்கும் புதிய சோதனை நிரல் எழுதித்தானே ஆகவேண்டும்!

இன்னொன்றும் உண்டு. ஒரு நிறுவனத்துக்குள் கிடைக்கும் சிக்கனத்தை அகச் சிக்கனம் என்றும், ஒரே தொழில் ஓர் ஊரில் குவிவதால் எல்லோருக்கும் கிடைப்பதைப் புறச் சிக்கனம் என்றும் பொருளியலில் படித்திருப்பீர்கள். பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே இதை எழுதினார். பாயான் லெப்பாஸ் அவருக்காகவே கட்டியதுபோல் இருக்கிறது: பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யக் கடைசல் பட்டறைகள் வந்தன, பட்டறைகளிலிருந்து இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் வளர்ந்தன, 2000-இல் தொடங்கிய விட்ரொக்ஸ் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் இன்று சோதனைக் கருவிகளை வெளிநாடுகளுக்கு விற்கின்றன. இங்கே சிறிய நிறுவனத்தில் சேர்கிறவருக்கும் பெரிய அளவின் பயன் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறது.

ஆகவே என் பதில் இது. பெரிய ஆலையின் நேர்காணலில், அந்தத் துறைக்கு ஆண்டுக்கு எத்தனை புதிய சிப்புகள் வருகின்றன என்று கேளுங்கள். நிறைய வருமென்றால் தயங்காமல் சேருங்கள், ஒரே சிப்பைப் பல ஆண்டுகள் ஓட்டும் துறையென்றால் வேறு துறை கேளுங்கள். அந்த இருபது பேர் நிறுவனத்திலோ, சொந்தச் சிப்பை விற்கிறார்களா, அல்லது வாடிக்கையாளருக்குப் பொறியாளர்களின் மணிநேரத்தை விற்கிறார்களா என்று கேளுங்கள். மணிநேரத்தை விற்கும் இடத்தில், நீங்கள் வடிவமைத்த சிப் பத்து மில்லியன் விற்றாலும் அந்தப் பெருக்கம் வாடிக்கையாளருக்கே போகும். உங்கள் நிறுவனம் வளர வேண்டுமானால் இருபதை நாற்பதாக்கினால்தான் உண்டு. நாலைந்து வகைச் சிப்புகளில் கைபழக அது நல்ல இடம். ஆனால் சம்பளம் எந்த வேகத்தில் உயரும் என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடுங்கள்.