கட்டிலுக்கு அடியில் சார்டின் டின்

நடுவர் ஐயா, எதிரணிப் பெரியோர்களே, என் அணியினரே, கோவில் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கும் சுங்கை சிப்புட் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். மலேசிய ரப்பர்த் தோட்டத்துப் பாட்டியின் மனதை அதிகம் ஆள்வது பேரப்பிள்ளைகளைப் பற்றிய பெருமையா, நாட்டு நடப்பைப் பற்றிய கவலையா? கவலைதான் என்று பேச வந்திருக்கிறேன். பெருமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்வரிசையைப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு பாட்டிமார் இருக்கிறார்கள். யார் பேரன் எங்கே படிக்கிறான், யார் பேத்திக்கு எத்தனை ஏ என்று பக்கத்து நாற்காலிக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்தப் பெருமைக்கு நானும் கை தட்டுகிறேன்.

ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். "நாளைக் காலை நம்ம பசாரில் பத்துப் பாட்டிகளை நிறுத்தி, நாட்டின் பிரதமர் யார் என்று கேளுங்கள். ஐந்து பேர் முழிப்பார்கள். பேரன் பெயரைக் கேளுங்கள், நட்சத்திரத்தோடு சொல்வார்கள். பிரதமர் பெயரே தெரியாதவர்களுக்கு நாட்டைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்டார். நான் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்கினால் என் பாட்டியின் முகத்தில் நான் விழிக்க முடியாது.

ஐயா, பிரதமர் பெயரைக் கேட்டால் பாட்டி கொஞ்சம் தயங்குவது உண்மைதான். ஏன் தயங்குகிறார்? 2018 மே மாதம் பிறக்கும்போது நஜிப். 10ஆம் தேதி இரவு மகாதீர். 2020 மார்ச் 1ஆம் தேதி முகிதீன். 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சப்ரி. 2022 நவம்பரில் அன்வார். நான்கரை ஆண்டில் அந்த ஒரு நாற்காலியில் ஐந்து பேரைப் பார்த்தோம். மின்னல் பண்பலை 'வானொலி ஆறு' என்று இருந்த நாளிலிருந்து செய்தி கேட்கிறவர் என் பாட்டி. அந்தச் சமயத்தில் நான் யார் பிரதமர் என்று கேட்டால், "இரு கண்ணு, ஏழு மணிச் செய்தி கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். செய்தியே கேட்காதவர் சொல்லும் பதிலா இது?

நாம் எந்த ஊரில் நின்று பேசுகிறோம் என்பதையும் ஐயா நினைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி, இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள், 1960 வரை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி, சோதனை, ஊரடங்கு. அப்புறம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். அந்த நேரத்தில், 1960இல், இந்த ஊர்க்காரரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தைத் தாங்களே சேர்ந்து வாங்கத் தோட்டத்துச் சனங்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். அந்தப் பத்து வெள்ளியைக் கடன்காரன் கண்ணில் படாமல் முந்தானையில் முடிந்து வைத்தது யார்? நம் பாட்டிமார்தான். அரசியல் தோட்டத்துக்கு வெளியே நடந்தது என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

என் பாட்டிக்கு ஓர் அக்கா இருந்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒன்றாகப் போய், ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள். 1968இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் எடுக்க வேண்டும். அக்கா வீட்டுக்காரருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனார்கள். அதன் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்க்கவே இல்லை. கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கோலாலம்பூரில் யாரோ கை தூக்கி நிறைவேற்றிய சட்டம், கூடப் பிறந்தவளைக் கப்பல் ஏற்றி அனுப்பியது. ஐயா, அதை அனுபவித்தவருக்குப் பிரதமர் பெயரைப் பரீட்சை வைத்துத்தானா அரசியல் தெரியுமா என்று பார்க்க வேண்டும்?

இப்போது சார்டின் கதைக்கு வருகிறேன்.

1969இல் பாட்டி சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் இருந்தார். என் அம்மா எட்டு மாதக் கைக்குழந்தை. தேர்தல் முடிந்து மூன்றாம் நாள், மே 13. அன்று கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரத்தைப் பெரியவர்கள் அறிவீர்கள், நான் மேடையில் விரிக்க வேண்டியதில்லை. ஊரடங்கு போட்டார்கள். கடை திறக்கவில்லை, லாரி வரவில்லை. தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி அவித்துத் தின்றார்கள். மூன்றாம் நாள் பாட்டிக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. பிள்ளை அழுகிறது. பக்கத்து வீட்டில் ஒரே ஒரு சார்டின் மீன் டின் இருந்தது. அதைத் திறந்து ஏழு வீட்டுக்குப் பங்கு வைத்தார்களாம். ஆளுக்கு ஒரு துண்டு மீன்கூட வராது. அந்தக் குழம்பின் ருசியை இன்றைக்கும் நாக்கில் வைத்துச் சொல்வார். நாடாளுமன்றம் திரும்பக் கூடவே 1971 பிப்ரவரி ஆனது. பாட்டிக்கு அந்தத் தேதி தெரியாது. பிள்ளைக்கு மறுபடி பால் சுரந்த நாள் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தேர்தல் என்று வானொலியில் சொன்னால் பாட்டி சார்டின் வாங்குவார். கொடி கட்டுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் டின் வந்துவிடும். தக்காளிச் சாறு ஊற்றிய பெரிய டின்தான், சின்னது வாங்க மாட்டார். வரிசையாக அடுக்கி மேலே பழைய சேலையைப் போட்டு மூடுவார். அம்மா திட்டுவார், "இது என்ன தேர்தலா, கல்யாணமா?" பாட்டி பதில் பேசாமல் இன்னும் இரண்டு டின் வாங்கி வருவார்.

2008 மார்ச் 8. 1974 முதல் 34 ஆண்டுகள் இந்தத் தொகுதியில் ஒருவரே வென்றுகொண்டிருந்தார். அன்றிரவு டத்தோ ஶ்ரீ சாமிவேலு தோற்று, டாக்டர் ஜெயக்குமார் வென்றார். ஊரே தூங்கவில்லை. எங்கள் வீட்டில் பாட்டியும் தூங்கவில்லை. யார் ஜெயித்தது என்பதற்காக இல்லை. சன்னலோரம் நாற்காலி போட்டு விடிய விடிய ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். விடிந்ததும் ரொட்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு வந்தார். "ரொட்டிக்காரன் வந்துட்டான்டி, ஒண்ணும் ஆகல" என்று அம்மாவை எழுப்பினாராம். எனக்கு அப்போது ஐந்து வயது. இதை அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

2013இல் பன்னிரண்டு டின். 2018இல் பதினெட்டு. நானே கூடப் போய்த் தூக்கி வந்தேன்.

கேளுங்கள், முக்கியமான இடம் இனிமேல்தான். 2020 பிப்ரவரி கடைசி வாரம். தேர்தல் இல்லை, ஓட்டுப்பெட்டி இல்லை, ஆட்சி மட்டும் கவிழ்ந்துவிட்டது. பாட்டி வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஓட்டுப் போடாமலே கவர்மெண்டு மாறுமா கண்ணு?" மாறும் பாட்டி என்றேன். "அப்போ இது அதைவிட மோசம்" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இருபத்து நான்கு டின். கடைக்காரரே, "பாட்டி, ஹோட்டல் தொறக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

மூன்றே வாரம். மார்ச் 18, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம். கடையில் கிருமிக்குப் பயந்து கூட்டம், தட்டுகள் காலி. அப்பாவுக்கு வேலை நின்றது. எங்கள் வீட்டில் பாட்டி கட்டிலுக்கு அடியில் குனிந்து சேலையை விலக்கினார்.

இருபத்து நான்கு டின், அம்மாமார்களே! வெங்காயம் போட்டு ஒரு நாள், உருளைக்கிழங்கு போட்டு ஒரு நாள், மிளகாய் போட்டுப் பிரட்டி ஒரு நாள். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தனி ஆள், அவருக்கு மூன்று டின். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக்குக்கு நான்கு. மே 13ஐ நினைத்துப் பயந்து வாங்கிய டின், மக்சிக் வீட்டு அடுப்பில் வெந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மக்சிக், "எப்படி உங்களுக்கு முன்னாடியே தெரியும்?" என்று மலாயில் கேட்டார். பாட்டி தன் பசார் மலாயில், "தெரியாது, பயம்" என்றார். இரண்டே வார்த்தை. ஐயா, பத்துப் பாட்டிகளைப் பசாரில் நிறுத்தத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பெருமை சுவரில் தொங்குகிறது. கவலை எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன்.

சுவரில் தொங்குவது ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில் என்னுடைய முடிவு. 2021 ஜூன், ஊரடங்கு நேரம். முடிவு கைப்பேசியில் வந்தது. "பேப்பர் இல்லாத ரிசல்ட்டா?" என்று கேட்டு, கடை திறந்ததும் அச்சடித்து லேமினேட் போட வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்த அண்ணனுக்கும் காட்டினார். அந்தப் பெருமை இரண்டு நாள். மூன்றாம் நாள் ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இடம் கொடுப்பாங்களா?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும், மிச்சம் பத்துதான் மற்ற எல்லாருக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அவரே சொன்னார். எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஆறாம் படிவம் போனேன், இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது பாட்டியின் கை என் தலைமேல் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

நடுவர் ஐயா மணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு விஷயம் ஐயா, முடித்துவிடுகிறேன்.

இத்தனை தேர்தல் சொன்னேன். 1969, 2008, 2013, 2018. பாட்டி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அவர் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. என் பாட்டியிடம் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் அடையாள அட்டை.

1946இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவர் பிறந்ததற்குச் சாட்சி ஒரு மருத்துவச்சி, அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறப்புப் பத்திரம் இல்லை. மூன்று முறை மனுப் போட்டார். ஒவ்வொரு முறையும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போவார். திரும்பி வந்து அதை மடித்து வைப்பார். இந்த மண்ணை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவரிடம், நீ இந்த ஊர்க்காரி என்று காட்ட ஒரு காகிதம் கொண்டு வா என்கிறார்கள்.

2021 டிசம்பரில் பதினெட்டு வயதுக்கே ஓட்டுரிமை வந்தது. எனக்கு முன்னால் அந்தச் செய்தியைக் கேட்டவர் பாட்டிதான். அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "உனக்கு ஓட்டு வந்துடுச்சு கண்ணு!" என்றார். அவர் ஓடி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

2022 நவம்பர் 19, சனிக்கிழமை. எனக்குப் பத்தொன்பது வயது. அந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பள்ளிக்கூடத்துக்குள் வர முடியாது என்று அவருக்குத் தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து காத்திருந்தார். நான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் என் இடது கையைப் பிடித்து இழுத்தார். ஆள்காட்டி விரலில் மை இன்னும் ஈரமாக இருப்பதுபோல் மின்னியது. தன் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். தேய்த்தார். எடுத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

அப்புறம் என் கையை விடாமல் எழுந்து, "சரி வா, போற வழியில சார்டின் வாங்கிட்டுப் போவோம்" என்றார்.