கடைசி வரிசைக்கு ஒரு மெட்டு

எல்லாருக்கும் வணக்கம்.

அடிக்குரல் எழுப்புகிற பெரிய பித்தளைக் குழலான டியூபாவை வாசிப்பவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தேட வேண்டியதில்லை. கடைசி வரிசைதான். பழக்க தோஷம்.

நம்முடையது வேலைவெட்டியெல்லாம் முடித்துவிட்டு வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடி வாசிக்கிற பேண்ட். சம்பளம் கிடையாது, மனசுக்குப் பிடித்தால்தான் ஆள் வரும். கிளாரினெட்டுக்கு மெட்டு உண்டு, டிரம்பெட்டுக்கு மெட்டு உண்டு, டிராம்போனுக்குக்கூட வழுக்கிக்கொண்டு போக நாலு பார், அதாவது நாலு தாளக்கட்டம், கிடைக்கும். டியூபாவுக்கு வருஷம் முழுக்க ஒரு பூம், ஒரு ஓய்வு, மறுபடி ஒரு பூம். சரி, ஒரு கச்சேரியில் ஒரு உருப்படியாவது அவர்களுக்காகப் போடுவோம் என்று பேண்ட் மாஸ்டருக்கு எப்போதாவது தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் எடுத்தது ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒருவர் முன்னால் நின்று வாசிக்க மற்றவர்கள் துணை போகிற உருப்படி. இங்கிலாந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1954இல், தம் 81ஆம் வயதில், டியூபாவுக்கென்றே எழுதியது. அதில் மெதுவாகப் போகிற நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்களிடம் அப்போது நாலு டியூபா. ஒருவர் முன்னால் வந்து நின்று வாசித்தார், நன்றாகவே வாசித்தார். மற்ற மூன்று பேர் பின்னால் பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஒத்திகைக்கு வரவில்லை. தனி ஆளுக்கான உருப்படி வேறு, வரிசைக்கான உருப்படி வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் எடுத்தது அதே நாட்டு இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909இல் பேண்டுக்காக எழுதிய முதல் ஸ்வீட். தின்கிற ஸ்வீட் இல்லை, மூன்று பகுதிகள் கொண்ட தொகுப்பு. அதன் முதல் பகுதி, ஷகோன், டியூபாவிலும் அதன் தம்பி போன்ற சின்ன பித்தளைக் குழலான யூஃபோனியத்திலும்தான் தொடங்குகிறது. டிரம் கிடையாது, கிளாரினெட் கிடையாது. எட்டு பார் மெட்டு, மெல்லிய குரலில். அந்தப் பகுதி முழுக்க அந்த எட்டு பாரின் மேல்தான் கட்டியெழுப்பியிருக்கிறது. மெட்டு பிற்பாடு மற்ற வாத்தியங்களுக்குக் கை மாறும், நடுவில் தலைகீழாகக்கூடத் திரும்பும். ஆனால் முதலில் சொல்கிற உரிமை கடைசி வரிசைக்கு. ஹோல்ஸ்ட் பிழைப்புக்காக டிராம்போன் வாசித்தவர். கடைசி வரிசையின் சலிப்பு அவருக்குத் தெரியாததா?

முதல் ஒத்திகையில் நாலு பேரும் நாலாவது பார் முடிவில் ஒன்றாக மூச்சு எடுத்தார்கள். மெட்டின் நடுவில் பெரிய ஓட்டை. டியூபா எவ்வளவு காற்றைக் குடிக்கும் என்பது வாசித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். பென்சிலை எடுத்தோம். ஒருவர் இரண்டாவது பாருக்குள், அடுத்தவர் மூன்றாவதில், இன்னொருவர் ஐந்தாவதில் என்று குறித்தோம். பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நீங்கள் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. மூன்றாவது தடவை வாசித்தபோது தையல் தெரியவில்லை. முன்வரிசை ஃப்ளூட்டுகள் திரும்பிப் பார்த்தன. ஒத்திகை முடிந்ததும் பல வருஷமாக எங்களோடு வாசிக்கிற பெரியவர் ஒருவர் வந்து, "இந்த பார்ட்டை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகட்டுமா தம்பி?" என்று கேட்டார். அதுவரை அவர் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பூம் பூமில் பழகுவதற்கு என்ன இருக்கிறது?

எல்லா வாத்தியங்களின் வரிகளும் அடங்கிய ஸ்கோர் கையில் வந்ததும் நான் இப்போது செய்வது இதுதான். மற்ற வரிகளையெல்லாம் ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு டியூபா வரியை மட்டும் முணுமுணுத்துப் பார்ப்பேன். மெட்டாக வந்தால் மேலே பார்ப்பேன். அதிவேக ஓட்டமாக இருந்தால் யோசிப்பேன். நாம் வாசிக்கிற பெரிய பி ஃபிளாட் சுருதி டியூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 18 அடி, டிரம்பெட்டினுடையது நாலரை அடிதான். அவ்வளவு காற்றுத் தூணும் அதிர்ந்து அடிக்குரல் எழும்புவதற்குள் வேக நோட்டுகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். வாத்தியத்தின் வாய் மேலே பார்த்திருப்பதால் சத்தம் முதலில் கூரைக்குப் போய்விட்டுத்தான் சபைக்கு வரும்.

அடுத்து மறைத்த காகிதத்தை எடுத்துவிட்டு, அதே வரியை வேறு யாரெல்லாம் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். சின்ன பேண்டுகளுக்கு எழுதுகிறவர்களுக்கு, டியூபா ஆளே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அதனால் அதே வரியை மற்ற கீழ்க்குரல் வாத்தியங்களான பாரிடோன் சாக்ஸுக்கும் பேஸ் கிளாரினெட்டுக்கும் பசூனுக்கும் கொடுத்துவைப்பார்கள். அட்டையில் டியூபா சிறப்பு என்று போட்டிருக்கும். சபைக்குக் கேட்பதோ சாக்ஸ். டியூபா மெட்டு வருகிற அந்த இடத்தில் மட்டும் மற்றவர்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

எல்லாப் புகழ்பெற்ற டியூபா மெட்டும் நம் டியூபாவுக்கு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்சிபிஷன்' தொகுப்பை பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அதில் மாட்டுவண்டி ஒன்று வருகிற பகுதியின் மெட்டு டியூபாவுக்கு. ஆனால் அவர் மனதில் இருந்தது உயரக் குரலுள்ள சின்ன பிரெஞ்சு டியூபா. பெரிய பி ஃபிளாட் வாத்தியத்தில் அந்த உச்சியை எட்டுவது கழுத்து நரம்பு புடைக்கிற வேலை. அதனால் பலர் யூஃபோனியத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். கேட்க அழகாக இருக்கும், உங்கள் கடைசி வரிசைக்கு ஒன்றும் மிஞ்சாது.

யானை நடக்கிறது, கரடி ஆடுகிறது வகை உருப்படிகளும் நிறைய இருக்கின்றன. ஒன்று போடலாம், சபை சிரிக்கும். ஆனால் வருஷத்துக்கு ஒரு வாய்ப்புத்தான் என்றால் அதைக் கோமாளி வேஷத்துக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. டியூபாவின் இயல்பான குரல் மென்மையானது. 1974இல் நியூயார்க்கில் டியூபா கலைஞர் ஹார்வி ஃபிலிப்ஸ், கிறிஸ்துமஸ் அன்று பிறந்த தம் ஆசிரியர் வில்லியம் பெல்லின் நினைவாக, டியூபாவும் யூஃபோனியமுமாக சுமார் 300 பேரைத் திறந்தவெளியில் கூட்டி கிறிஸ்துமஸ் பாட்டுகளை வாசிக்கவைத்தார். மெட்டு, துணை, அடித்தளம் எல்லாமே அந்தக் குடும்பத்துக்குள்ளேயே. அந்த வழக்கம் இன்றும் பல ஊர்களில் தொடர்கிறது. நம் அளவுக்கு இரண்டு யூஃபோனியம், இரண்டு டியூபா சேர்ந்த நால்வர் அணி போதும். அவர்கள் வாசிக்கிற நாலு நிமிஷத்தில் டிரம்பெட்காரர்களின் உதடும் கொஞ்சம் ஓய்வெடுக்கும்.

வாங்குவதற்குக் காசு இல்லையென்றால் அலமாரியைத் திறங்கள். பழைய மார்ச்சுகளில் கீழ்க்குரல்களே முன்னுக்கு வருகிற ஒரு பகுதி பெரும்பாலும் இருக்கும். அங்கே டியூபாக்களை எழுந்து நிற்கச் சொன்னாலே போதும், சபை காதைத் திருப்பிவிடும்.

இடமும் முக்கியம். கச்சேரியின் முதல் உருப்படியாக வேண்டாம், குளிர்ந்த குழாய் சுருதி இறங்கி நிற்கும். தாளவாத்தியங்கள் அதிர்ந்து முடிந்த உடனேயும் வேண்டாம், மென்மையான அடிக்குரல் அதற்குப் பிறகு எடுபடாது. இடைவேளைக்கு முன்னால், மரக்குழல்களின் மெல்லிய உருப்படி ஒன்று முடிந்த கையோடு வைத்துப் பாருங்கள்.

கடைசி உருப்படிக்கு ஹோல்ஸ்டின் இரண்டாவது ஸ்வீட்டை யோசிக்கலாம். 1911இல் எழுதியது. அதன் இறுதியில் பேண்ட் முழுக்கச் சத்தம் அடங்கிப்போய், உச்சியில் ஒரு பிக்கலோவும் (மிகச் சின்ன ஃப்ளூட்) அடியில் ஒரு டியூபாவும் மட்டும் மிஞ்சும். நடுவில் யாருமே இல்லை. அதைப் போடுவதாக இருந்தால் இரண்டு பேரையும் ஒரு பத்து நிமிஷம் தனி அறையில் சேர்ந்து பழகவிடுங்கள். எங்கள் பேண்டில் அந்த இரண்டு பேரும் அதுவரை ஒருவருக்கொருவர் பேசியதே இல்லை.